பவுடருக்குக் கீழே

"பிள்ளைக்கு ஏனடி இவ்வளவு பவுடர்? பொரிக்கிறதுக்கு மாப்பிரட்டின மீன் மாதிரிக் கிடக்கிறான்."

மதிலுக்கு அங்காலே நின்று றெஜினா கேட்டாள். ஸ்ரெல்லாவின் புருசன் றொகானுடைய தமக்கை. ஒரே வளவை இரண்டாகப் பிரித்த மதில் இடுப்பளவு உயரந்தான். அவளுடைய கண்ணும் வாயும் அதைத் தாண்டி எந்நேரமும் இந்தப் பக்கம் வந்துபோகும்.

"வேர்க்குது மச்சாள். அதுதான்," என்றாள் ஸ்ரெல்லா.

"சோளகக் காத்து இப்பிடி அடிக்கேக்கை என்ன வேர்வை? கொடியிலை போட்ட சீலை பத்து நிமிசத்திலை காஞ்சு பறக்குது."

"கழுத்தடியிலை வேர்க்கும்."

"கழுத்தடியிலை வேர்த்தால் கன்னத்திலை ஏன் பூசுறாய்?"

ஸ்ரெல்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஜெறோமுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். உள்ளே போனதும் அவன் முகத்தைத் தாயின் தோளில் போட்டுத் தேய்த்தான். தேய்த்த இடத்தில் பவுடர் போய்விட்டது. அதற்குக் கீழே இருந்தது வெளியே தெரிந்தது.

வலது கன்னத்தில் இரண்டு வெளிறிய படை. ஓரமெல்லாம் செதில். முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கத்திலும் சிவந்து, தொட்டால் சுறாத்தோல் போலச் சொரசொரத்தது. அவள் பவுடர் டின்னை எடுத்துத் திரும்பவும் பூசினாள்.

மூன்று மாதத்துக்கு முதல் தொடங்கியபோது அவள் இவ்வளவு பயப்படவில்லை. கரப்பான் என்றுதான் நினைத்தாள். நண்டை நிற்பாட்டினாள், இறாலை நிற்பாட்டினாள், கத்தரிக்காயை நிற்பாட்டினாள். காலையும் மாலையும் சுடுதண்ணீரில் டெற்றோல் விட்டு, சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கொழும்புத்துறைக் கிணற்றுத் தண்ணீர் உவர். தேய்க்கத் தேய்க்கத் தோல் காய்ந்தது. காயக் காயப் பவுடர் கூடியது.

பயம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும்போது. கோயில் மதிலில் சுகாதாரப் பகுதிக்காரர் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெரிய எழுத்தில் முதல் வரி: உங்கள் தோலில் வெளிறிய படை உள்ளதா? இரண்டாவது வரி: அது தொழுநோயாக இருக்கலாம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னும் நாலைந்து வரி. அவள் அதை வாசிக்கவில்லை.

"என்னடி அதிலை?" என்று பின்னாலே றெஜினா வந்து நின்றாள்.

"ஒண்டுமில்லை மச்சாள். மடு மாதா கோயிலுக்கு பஸ் விடுறாங்களாம்."

"அப்ப எனக்கும் ஒரு இடம் சொல்லு."

"சொல்லுறன் மச்சாள். வாங்கோ, பிள்ளை அழுறான்."

பிள்ளை அழவில்லை. அவளுடைய நெஞ்சுதான் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணம் குருநகரில் இருந்தது. அது அவளைப் பெற்ற தகப்பன், அருட்பிரகாசம்.

ஸ்ரெல்லாவுக்குப் பதினேழு வயது நடந்தபோது அருட்பிரகாசம் மன்னார்ப் பக்கம் மீன்வாடி போட்டுத் தொழில் செய்துகொண்டிருந்தார். அங்கே வைத்துத்தான் அவருக்கு அந்த வருத்தம் என்று டொக்டர்மார் கண்டுபிடித்தார்கள். ஒரு வருடம் மருந்துக் குளிசை குடித்தார். சுகமாக்கியும் விட்டார்கள். ஆனால் இடது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் மடிந்தது மடிந்ததுதான். ஊருக்கு வந்தபோது கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்:

"நங்கூரக் கயிறு சுத்தி இழுத்துப்போட்டுது."

ஊர் நம்பியது. ஸ்ரெல்லாவின் தாய் மகளை அந்தோனியார் சுருவத்துக்கு முன்னாலே கொண்டுபோய் நிற்பாட்டினாள்.

"சத்தியம் பண்ணு. உன்ரை கலியாணம் எழுதுறதுக்கு முதலும் சரி, பிறகும் சரி, ஒருதருக்கும் மூச்சு விடமாட்டன் எண்டு."

"அவர் சுகமாகிட்டார்தானே அம்மா?"

"சுகமானதை ஆரடி கேக்கப்போகினம்? வந்ததைத்தான் கேப்பினம்."

தாய் செத்து நாலு வருடம். சத்தியம் சாகவில்லை. றொகானைக் கட்டி ஆறு வருடத்தில் ஸ்ரெல்லா அந்தப் பேச்சை எடுத்ததேயில்லை.

ஜெறோம் பிறந்த நாளிலிருந்து அருட்பிரகாசம் ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளில் வருவார். பிள்ளையை மடியில் வைத்து, அந்த இடது கையாலேயே முதுகைத் தடவி நித்திரையாக்குவார். நோட்டீஸைப் பார்த்த அன்று பின்னேரமும் வந்தார். ஸ்ரெல்லா வாசல் படலையடியிலேயே மறித்தாள்.

"அப்பா, பிள்ளைக்குத் தடிமன். கொஞ்ச நாளைக்குத் தூக்காதேங்கோ."

"அதுக்கென்ன மோனை, மாறினாப்பிறகு வாறன்."

ஒரு கிழமையால் வந்தார்.

"இன்னும் மாறேல்லையோ?"

"இல்லை அப்பா."

அம்மப்பாவைக் கண்ட பிள்ளை உள்ளேயிருந்து "ம்மப்பா! ம்மப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். கன்னத்தில் பவுடர் கரைந்து கிடந்தது. அருட்பிரகாசம் அந்தக் கன்னத்தைப் பார்த்தார். பிறகு தன்னுடைய இடது கையைப் பார்த்தார். மெதுவாக அதை இடுப்பில் கட்டிய சாரத்து மடிப்புக்குள்ளே விட்டுக்கொண்டார்.

"சரி மோனை. நான் போறன்," என்றார்.

அதற்குப் பிறகு உள்ளே வரவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் படலையில் ஒரு மீன்பை தொங்கும். அவ்வளவுதான்.

*

அந்தப் புதன்கிழமை மத்தியானம் பிள்ளை படுத்திருந்தான். ஸ்ரெல்லா அடுப்படியில் நின்றபோது சத்தம் கேட்டது. சறக், சறக், சறக். இரவில் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகின சத்தம். போய்ப் பார்த்தாள். கண் மூடியபடி நித்திரையில் பிள்ளை முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையின் கையில் இரத்தம்.

அவள் சத்தம் போடவில்லை. மதிலுக்கு அங்காலே காது இருக்கிறது. சட்டையைக் கழற்றித் தண்ணீரில் அமத்தினாள். நாளைக்கு என்று முடிவெடுத்தாள். நாளை றொகான் கடலுக்குப் போனவுடன் பஸ் ஏறுவது. பக்கத்திலிருக்கிற பெரியாஸ்பத்திரிக்கு அல்ல. அங்கே வாங்கில் இருப்பதில் பாதி குருநகர்ச் சனம். தெல்லிப்பழைக்குப் போவது. அங்கே அவளை ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் வியாழக்கிழமை விடிய சோளகம் ஓலையைப் பிய்த்தது. ஒரு போட்டும் கடலில் இறங்கவில்லை. றொகான் வீட்டிலேயே நின்றான்.

"எங்கை வெளிக்கிடுறாய்?"

"பிள்ளையை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்ட."

"பெரியாஸ்பத்திரிக்கோ?"

"இல்லை. தெல்லிப்பழைக்கு."

"உனக்கென்ன விசரே? கூப்பிடுதூரத்திலை ஒரு ஆஸ்பத்திரி கிடக்க, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போகவோ?"

"இஞ்சை சனம் கூடுதலாய் இருக்கும்."

"அங்கை என்ன, ஆடு மாடே வந்து இருக்கிறது?"

"தெரிஞ்ச சனம் கூட எண்டன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். றொகான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சாவியை எடுத்தான்.

"ஏறு. நான் கொண்டுபோறன்."

"வேண்டாம், நீங்கள் வலையைப் பாருங்கோ."

"வலை எங்கையும் ஓடாது. ஏறு."

மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கு றெஜினா மதிலடிக்கு வந்துவிட்டாள்.

"எங்கையடா குடும்பமாய்?"

"ஆஸ்பத்திரிக்கு அக்கா. பெடியன்ரை தோலைக் காட்ட."

"நான் அப்பவே சொன்னனான்! எங்கடை பரம்பரையிலை ஒருதருக்கும் தோலிலை ஒரு மாசுமறு கிடையாது. இது தாய் வழியாலை வந்ததுதான். ஏனடி ஸ்ரெல்லா, உங்கடை பக்கத்திலை ஆருக்கும் இருந்ததோ?"

"இல்லை மச்சாள்," என்றாள் ஸ்ரெல்லா. கையிலிருந்த பிள்ளை தோளில் கன்னத்தைத் தேய்த்தான்.

நல்லூர் தாண்டி, கோண்டாவில் தாண்டி, செம்மண் தோட்டங்கள் வந்தன. பின்னால் இருந்து அவள் அந்தோனியாரிடம் கேட்டுக்கொண்டே வந்தாள். டொக்டர் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்டால் என்ன செய்வது? கேட்டும் சொல்லாவிட்டால், வருத்தத்தைக் காணாமல் விட்டுவிட்டால், பிள்ளையின் விரலும் மடிந்தால்? ஜெறோமின் சின்னக் கை அவளுடைய சட்டையைப் பிடித்திருந்தது. அந்த ஐந்து விரலையும் அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். நிமிர்ந்தன. திரும்பவும் நிமிர்த்திப் பார்த்தாள்.

*

ஆஸ்பத்திரி வாங்கில் பக்கத்திலிருந்த மனிசி சும்மா இருக்கவில்லை.

"என்ன தங்கச்சி பிள்ளைக்கு?"

"சும்மா. வறட்சி."

"உதுக்கே இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? எங்கை இடம்?"

"யாழ்ப்பாணம் ரவுண்."

"ரவுணிலை எவடம்?"

ஸ்ரெல்லா எழும்பிக் கழுவுமிடத்துக்குப் போய்விட்டாள். போன இடத்தில் பையிலிருந்து டின்னை எடுத்துப் பிள்ளைக்கு இன்னொருதரம் பூசினாள். ஏன் பூசினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. காட்டத்தான் வந்தாள். மறைத்துக்கொண்டும் நின்றாள்.

பெயர் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் உள்ளே போனார்கள். டொக்டர் நடுத்தர வயதுப் பெண். பிள்ளையைப் பார்த்ததும் பேனையை வைத்துவிட்டாள்.

"என்னம்மா இது, இவ்வளவு பவுடருக்குக் கீழை நான் என்னத்தைப் பார்க்கிறது?"

"வேர்க்குது டொக்டர்..."

"துடையுங்கோ."

நேர்ஸ் பஞ்சை நனைத்துக் கொடுத்தாள். ஸ்ரெல்லா துடைத்தாள். கன்னம் வெளியே வந்தது. டொக்டர் குனிந்து கன்னத்தைப் பார்த்தாள், முழங்கையைப் பார்த்தாள், பிள்ளையைக் குப்புறக் கிடத்தி முழங்காலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"வீட்டிலை ஆருக்கும் தோல் வருத்தம் இருந்ததோ? தாய் பக்கம், தகப்பன் பக்கம், ஆருக்கும்?"

"எங்கடை பக்கத்திலை இல்லை டொக்டர்," என்றான் றொகான்.

"அம்மா?"

ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள். மூடினாள். புருசனைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ."

"ஏன்?"

"நில்லுங்கோவன்."

"என்ரை பிள்ளையைப் பற்றிக் கேக்கினம். நான் ஏன் வெளியிலை நிக்கவேணும்?"

டொக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, என்னட்டை மறைச்சால் நட்டம் எனக்கில்லை. இவனுக்குத்தான்."

ஜெறோம் அந்த நேரம் பார்த்து முழங்கை மடிப்பைச் சொறியத் தொடங்கினான். சறக், சறக். ஸ்ரெல்லா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கடை அப்பாவுக்கு இருந்தது. தொழுநோய். கனகாலத்துக்கு முதல். ஒரு வருசம் குளிசை குடிச்சு மாறினது. அவர்தான் இவனை எந்நாளும் தூக்குறவர். நான் தூக்க விட்டனான். நான்தான், டொக்டர், விட்டனான்."

றொகான் பக்கம் அவள் திரும்பவேயில்லை. அவன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

டொக்டர் புதுப் பஞ்சு ஒன்றை எடுத்து நுனியைத் திரித்தாள்.

"பிள்ளையை மடியிலை வையுங்கோ. முகத்தை அங்காலை திருப்பிப் பிடியுங்கோ, நான் செய்யிறதைப் பார்க்கக் கூடாது."

பஞ்சு நுனி வெளிறிய படையில் பட்டது. பட்டதும் படாததுமாய் ஜெறோம் சிணுங்கி முகத்தை இழுத்தான். திரும்பவும் பட்டது. கையால் தட்டினான். மற்றப் படையிலும் பட்டது. "வேணாம்!" என்று கத்தினான். டொக்டர் அவனுடைய கழுத்தையும் முழங்கையையும் அமத்திப் பார்த்தாள், விரல்களை விரித்துப் பார்த்தாள். பஞ்சைப் போட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தாள்.

"இது அதில்லை அம்மா."

"டொக்டர்?"

"அந்த வருத்தத்தின்ரை படை சொறியாது. தொட்டாலும் நல்லாத் தெரியாது. இவன் சொறிஞ்சு இரத்தம் வரப் பண்ணியிருக்கிறான். பஞ்சு பட்டதுக்கே என்னை அடிக்கிறான். குளிசை குடிச்சு மாறின ஆளிட்டையிருந்து தொத்தவும் மாட்டாது. இந்த வயதிலை அந்த வருத்தம் வாறதே மிச்சம் குறைவு."

"அப்ப கன்னத்திலை வெள்ளை...?"

"தோல் காஞ்சு, புண்பட்டு, ஆறின இடம் வெளிறிக் கிடக்கு. எக்சிமா எண்டுதான் நினைக்கிறன். ரெண்டு கிழமை மருந்து போட்டுப் பார்த்தால் வடிவாய்ச் சொல்லலாம். என்னத்தாலை குளிக்க வார்க்கிறனீங்கள்?"

"சுடுதண்ணியிலை டெற்றோல் விட்டு."

"எத்தினைதரம்?"

"ரெண்டுதரம். சவுக்காரமும் போட்டு நல்லாத் தேய்ப்பன்."

"பிறகு பவுடர்."

"ஓம்."

"அம்மா, கருவாடு காயவைக்கிறது கூட இவ்வளவு பாடுபட்டில்லை," என்றாள் டொக்டர். நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "டெற்றோலை விடுங்கோ. பவுடரை விடுங்கோ. இளஞ்சூட்டுத் தண்ணியிலை அஞ்சு பத்து நிமிசம், ஒருதரம் போதும். வாசமில்லாத சோப் கொஞ்சம். துவாயாலை தேய்க்காமல் ஒத்தி எடுங்கோ. ஈரம் காய முந்தி இந்த வெள்ளைக் களிம்பை உடம்பு முழுக்கப் பூசுங்கோ. குளிச்சவுடனையும் பூசவேணும், பகலிலையும் ரெண்டு மூண்டுதரம். இந்தச் சின்ன ரியூப் சிவந்த இடத்துக்கு மட்டும், மெல்லிசாய், எழுதின நாளுக்கு மட்டும். நல்லாயிருக்கு எண்டு நீங்களாய்த் தொடர்ந்து பூசக் கூடாது. நகத்தை வெட்டுங்கோ. பருத்திச் சட்டை. சீழ் வைச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீர்க்கொப்புளம் போட்டாலோ நாள் பார்க்காமல் கொண்டுவாங்கோ."

"நண்டு, இறால்?"

"சாப்பிட்டுக் கூடினதை நீங்கள் கண்ணாலை கண்டனீங்களோ?"

"இல்லை."

"அப்ப ஏன் பிள்ளையைப் பட்டினி போடுறியள்? குடுங்கோ." எழுதிக்கொண்டே றொகானைக் கேட்டாள். "தம்பி, உங்களுக்கு மூச்சிழுப்பு இருந்ததோ?"

றொகான் திடுக்கிட்டான். "சின்னனிலை. பத்து வயதுமட்டும் நல்லா இழுத்தது. அக்காவுக்கு இப்பவும் மாரியிலை இழுக்கும்."

"அதுவும் இதுவும் ஒரே குடும்பம். இழுப்பு உள்ள வீட்டிலை பிள்ளையளுக்கு இப்பிடித் தோல் வரும். உங்கடை பக்கத்தாலையும் வந்திருக்கலாம். அம்மா, அப்பாவையும் ஒருநாள் கூட்டிவாங்கோ. பயத்துக்கில்லை. கையை ஒருக்காப் பார்க்கலாம்."

*

வெளியே வந்ததும் றொகான் முன்னால் போய் மோட்டார்சைக்கிளை எடுத்தான். பிள்ளையைப் பற்றின பயம் அவளுடைய நெஞ்சை விட்டு இறங்கினதும், அந்த இடத்தில் மற்றப் பயம் ஏறிக்கொண்டது.

"இஞ்சருங்கோ..."

பதிலில்லை.

"அம்மா சத்தியம் வாங்கினவ."

காற்று முகத்தில் அடித்தது. நல்லூரடியில் அவனுடைய போன் அடித்தது. ஓரங்கட்டி நிற்பாட்டி எடுத்தான். றெஜினாவின் குரல் பின்னாலே இருந்த ஸ்ரெல்லாவுக்கும் கேட்டது.

"என்னவாமடா? தாய் வழிதானே?"

ஸ்ரெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது சொல்லப்போகிறான். சொன்னால் பொழுதுபட முதல் கரை முழுக்கத் தெரியும்.

"எங்கடை இழுப்பாம் அக்கா," என்றான் றொகான். "எனக்கும் உனக்கும் இருக்கிறதுதானாம் தோலிலை வந்திருக்கு."

அங்காலே றெஜினா செருமினாள்.

"ஆரந்த டொக்டர்? படிச்சவவோ?"

"படிச்சவதான். வைக்கிறன்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். எடுத்த மோட்டார்சைக்கிள் கொழும்புத்துறைக்குத் திரும்புகிற இடத்தில் திரும்பவில்லை. நேரே போனது. குருநகர்ப் பக்கம்.

"எங்கை போறீங்கள்? இஞ்சருங்கோ, அப்பாவோடை சண்டை பிடியாதேங்கோ. வயது போன மனிசன். என்னைப் பேசுங்கோ. அவரை ஒண்டும் சொல்லாதேங்கோ!"

அவன் அருட்பிரகாசத்தின் வீட்டு வாசலில்தான் நிற்பாட்டினான். கிழவர் வலைக் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார். பிள்ளையைக் கண்டு எழும்பினார். எழும்பின வேகத்தில் இடது கை தானாகச் சாரத்து மடிப்புக்குள்ளே போனது.

"மாமா, கையைக் காட்டுங்கோ," என்றான் றொகான்.

அருட்பிரகாசம் மகளைப் பார்த்தார். மகள் அழுதுகொண்டு நின்றாள். அவருக்கு விளங்கிவிட்டது. என்றாலும் இருபது வருடத்துப் பழக்கம் வாயில் வந்தது.

"அது... நங்கூரக் கயிறு..."

"மாமா, நானும் கயிறு இழுக்கிறவன். கயிறு சுத்தின விரல் எப்பிடியிருக்குமெண்டு எனக்குத் தெரியும். உப்பிடி மடியாது. கலியாணத்தண்டு ரெண்டு கையாலையும் என்ரை கையைப் பிடிச்சனீங்கள், அண்டைக்கே யோசிச்சனான். கேக்கேல்லை."

"ஏன் தம்பி கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் சொல்லவேண்டி வந்திடும் எண்டுதான்."

றொகான் ஸ்ரெல்லாவின் பையைத் திறந்து களிம்பு டப்பாவை எடுத்தான். கோபம் இல்லையென்று சொல்ல முடியாது. அவனுடைய குரல் இன்னும் தடித்துத்தான் இருந்தது. அவளுடைய முகத்தை இன்னும் அவன் பார்க்கவில்லை.

"உன்னோடை எனக்குக் கதை கிடக்கு. அது வீட்டை போய்," என்று அவளுக்குச் சொன்னான். பிறகு டப்பாவைக் கிழவரிடம் நீட்டினான். "மாமா, இவனைக் கழுவிப்போட்டு ஈரத்தோடை இதைப் பூசவேணுமாம். என்னட்டை ஒரு நிமிசம் நிக்கமாட்டான், நெளிவான். உங்களிட்டைத்தான் நிப்பான்."

"நான் தொடலாமோ தம்பி?"

"தொடலாமாம். டொக்டர் சொன்னவ."

"வடிவாய்க் கேட்டனீங்களோ?"

"கேட்டது, அப்பா," என்றாள் ஸ்ரெல்லா. "பிழை என்ரை."

பிள்ளை காத்திருக்கவில்லை. "ம்மப்பா!" என்று மடியில் ஏறிவிட்டான். ஸ்ரெல்லா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையையும் காலையும் மெதுவாக நனைத்தாள். தேய்க்காமல் ஒத்தினாள். அருட்பிரகாசம் சாரத்து மடிப்புக்குள்ளேயிருந்து இடது கையை வெளியே எடுத்தார். மூன்று விரல் நுனியில் களிம்பைத் தொட்டு, முழங்கை மடிப்பில் வைத்தார்.

"இந்த ரெண்டு விரலுக்கும் ஒண்டும் தெரியாது மோனை," என்றார். "மற்ற மூண்டுக்கும் தெரியுது."

"என்ன தெரியுது அப்பா?"

"சுறாத்தோல் மாதிரிக் கிடக்கு."

ஜெறோம் சொறியக் கையைத் தூக்கினான். மடிந்த இரண்டு விரலும் அந்தக் கையை மெல்ல மறித்துப் பிடித்தன. மற்ற மூன்றும் பூசிக்கொண்டிருந்தன.